மூக்கு இப்படி இருக்காது தம்பி

சாவு வீட்டில் அழுகைச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும் முதலில் வரும் கேள்வி, "நல்ல படம் ஏதாச்சும் இருக்கா?" என்பதுதான். பீரோவைக் குடைவார்கள். கல்யாண ஆல்பத்தில் மூன்றாம் வரிசையில் பாதி முகம் தெரியும். பாஸ்புக் படத்தில் நெற்றி மேலேயே ரப்பர் ஸ்டாம்பு விழுந்திருக்கும். கடைசியில் வாக்காளர் அட்டையோ ஆதாரோ கைக்கு வரும். ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால், வாழ்நாளெல்லாம் வேட்டி கட்டியவருக்கு நீலக் கோட்டு மாட்டி, பின்னால் ஓர் அருவியையும் ஓடவிட்டு, பிணம் எடுப்பதற்குள் தெருமுனையில் கட்டிவிடுவார். பதினாறாம் நாள் அதே முகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து சுவரேறும். பிளாஸ்டிக் சந்தன மாலை, தலைக்கு மேல் சிவப்பாக மினுக்கும் பல்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் மறுபடி அதை ஒருவர் கையில் எடுப்பார்.

அந்தப் படங்களின்மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. அவை ஊருக்காக, சடங்குக்காக. துக்கத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அவற்றால் பெரிய உபகாரம் இல்லை என்றுதான் சொல்கிறேன். முகத்தை உருவாக்குகிற நாட்களில்தான் அந்த உபகாரம் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்று நாலைந்து வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். பெரியம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை. யார் போய் என்ன கேட்டாலும் "ம்", அதற்கு மேல் கிடையாது. சுவரில் மாட்டிய படத்தை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். பையன் பதறிவிட்டான், அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டதோ என்று. தப்பவில்லை. படம்தான் தப்பு.

திருமங்கலத்தில் ஓர் ஓவியர் இருக்கிறார். சினிமா பேனரும் கட்சிக்காரர்களுக்குச் சுவர் விளம்பரமும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை வாரிக்கொண்டு போன பிறகு, பென்சிலில் ஆள் படம் வரைகிறார். வருகிற வேலையில் பெரும்பாதி இறந்தவர்கள். போட்டோவின் மேல் கட்டம் போடுவார், சார்ட்டில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போடுவார், ஒவ்வொரு கட்டமாக இறக்குவார். அவரிடம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம்.

அட்டையை வாங்கிப் பார்த்தவர், "வோட்டர் ஐடியில எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதாம்மா. அவரு எப்படி இருப்பாருன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

"நல்லாத்தான் இருப்பாரு."

"அது எல்லாரும் சொல்றது. திருநீறு பட்டையா பூசுவாரா?"

பெரியம்மா நிமிர்ந்தார். "பட்டையெல்லாம் இல்ல. ஒத்த விரல்ல ஒரு கீத்து. மிச்சத்தத் தொண்டையில தடவிக்குவாரு."

"சட்டை மேல் பட்டன்?"

"போட மாட்டாரு. காலருக்குள்ள கர்சீப்பு இருக்கும். அந்தக் கூட்டத்துல வேற எப்பிடித் தம்பி வேர்வையத் தொடைக்க?"

காதுக்கு வந்தபோதுதான் வேடிக்கை. ஒரு காது லேசாக முன்னால் மடங்கியிருக்கும், வருஷக்கணக்காகப் பேனா சொருகியதில், என்றார் பெரியம்மா. இடது காது என்றான் பையன். வலது என்றார் பெரியம்மா. இடது கையில் டிக்கெட் கட்டு, வலது கையால்தானே பேனாவை உருவ முடியும் என்று எழுந்து நின்று நடித்தே காட்டினார். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த பையனுக்கு அப்பாவின் காது மடங்கியிருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓவியர் இதற்கிடையில் ஒரு வார்த்தை பேசாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பழக்கப்பட்டவர்.

அடுத்த முறை போனபோது முகம் முக்கால்வாசி வந்திருந்தது, கண் மட்டும் இல்லை. பெரியம்மா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "மூக்கு இப்படி இருக்காது தம்பி. இது அவுக அண்ணன் மூக்கு" என்றார். சொல்லிவிட்டுக் காகிதத்தின் மேலேயே விரலை வைத்தார். இந்த இடத்தில் ஒரு மேடு. உசிலம்பட்டி ரோட்டில் டிரைவர் சடன் பிரேக் போட்டதில் கம்பியில் இடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, பாசஞ்சர் ஒருத்தன் குத்திவிட்டான் என்று பெருமையாகக் கதை விட்டிருக்கிறார். உண்மையை டிரைவரின் சம்சாரம் மறுநாள் சொல்லிவிட்டாளாம். பெரியம்மா சிரித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். ஓவியர் டீ சொன்னார்.

கண்ணை ஏன் கடைசியில் வைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ஸ்தபதிகள் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பார்கள் அல்லவா, அப்படி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கண்ணு வச்சிட்டா சனங்க அழ ஆரம்பிச்சிருவாங்க சார். அப்புறம் காது சரியா, மூக்கு சரியான்னு யாரு பாத்துச் சொல்லுவா?" என்றார்.

துக்கம் வந்தவரிடம் நாம் போய்க் கேட்கிற கேள்விகளை யோசித்துப் பாருங்கள். எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா? மனசத் தேத்திக்கிட்டீங்களா? ஒன்றுக்கும் பதில் கிடையாது. "எல்லாம் போச்சு" என்பதுதான் பதில், அதற்கு மேல் பேச்சு நகராது. ஓவியரோ பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்கிறார். வகிடு எந்தப் பக்கம்? மீசையில் நரை உண்டா? பெரிய மலையாக நிற்பதைக் கட்டம் கட்டமாக உடைத்து, இந்த ஒரு கட்டத்தை மட்டும் இப்போது பார்ப்போம் என்கிறார். அந்தக் கட்டத்துக்குள் இறந்தவர் பத்திரமாக இருக்கிறார்.

இதையெல்லாம் வேறோர் அளவில், தனியாகச் செய்தவர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ். 1867-இல் பிறந்தவர், ஓவியர், சிற்பி. கணவர் கார்ல் பெர்லினில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். 1914-இல் போர் மூண்டபோது அவர்களுடைய இளைய மகன் பீட்டருக்கு வயது 18. பட்டாளத்தில் சேரத் துடித்தான். வயது போதாததால் அப்பா சம்மதிக்க வேண்டும். கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது அம்மா. அந்த அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பீட்டர் சுடப்பட்டு இறந்தான்.

டிசம்பருக்குள் கேத்தே அவனுக்கு நினைவுச் சின்னம் ஒன்றைத் திட்டமிடத் தொடங்கிவிட்டார். மகன் நீட்டிப் படுத்திருக்க வேண்டும். தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. செய்தார், கலைத்தார், திரும்பச் செய்தார். மகன் முகம் பிடிபடவில்லை. 1919-இல் வேலையை நிறுத்தினார். சில வருஷம் கழித்து மறுபடி தொடங்கினார். 1932-இல் கிரானைட்டில் முடிந்து பெல்ஜியத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தியபோது அதில் இருந்தது இரண்டே உருவம், தனித்தனிப் பீடத்தில். மண்டியிட்டுக் குனிந்த தாய், மண்டியிட்டு இரு கையாலும் தன்னையே இறுக்கிக்கொண்ட தந்தை. தாய்க்குக் கேத்தேயின் சாயல், தந்தைக்குக் கார்லின் சாயல். பீட்டர் இல்லை.

மகன் படம் செய்ய உட்கார்ந்தவர் பதினெட்டு வருஷம் கழித்துச் செய்து முடித்தது பெற்றவர்களின் படத்தை. அவன் பிறந்து வாழ்ந்த காலமும் அதே பதினெட்டுதான். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்மதம் வாங்கிக் கொடுத்த தாய், அவனை வீரனாகப் படுக்க வைத்திருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும். பென்சிலும் களிமண்ணும் அந்தப் பொய்க்கு இடம் தரவில்லை. அந்தச் சிலைகள் மன்னிப்புக் கேட்கிற கோலத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 1950-களில் சிதறிக் கிடந்த போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்த்தபோது சிலைகளும் பீட்டரின் எலும்புகளும் வ்லாட்ஸ்லோ என்ற ஊருக்குப் போயின. அங்கே புதைந்திருக்கும் ஜெர்மன் வீரர்கள் 25,000-க்கும் மேல்.

அதைவிட என்னை உலுக்கிய ஒரு படம் உண்டு. 1903-இல் அவர் செய்த செப்புத்தகட்டு அச்சுப்படம்: இறந்த குழந்தையைக் கட்டிப்பிடித்து முகம் புதைத்த தாய். மாடலுக்கு வேறு ஆள் தேடவில்லை. ஏழு வயதுப் பீட்டரை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். பாரம் தாங்காமல் முனகியபோது, படம் நன்றாக வரும் என்று பையன்தான் அம்மாவைத் தேற்றினானாம். ஜாதகம், சகுனம் பக்கம் நான் போக மாட்டேன். ஆனாலும் இந்தப் படத்தை என்னால் வெகுநேரம் பார்க்க முடிவதில்லை.

முகத்தை உற்றுப் பார்ப்பதில் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. 1879 செப்டம்பரில் மனைவி காமில் இறந்து கிடக்க, ஓவியர் மோனே பக்கத்திலிருந்து அவளை வரைந்தார். அந்தப் படம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் நண்பர் கிளெமென்சோவிடம் அவர் ஒப்புக்கொண்டது: தன்னை அறியாமலே தன் கண், அந்த முகத்தில் சாவு பூசிக்கொண்டு வந்த நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கே அது அச்சமாக இருந்தது. தொழில் கை ஆளை விட்டுவிட்டு ஓடக்கூடியது. வீட்டில் உட்கார்ந்து தாத்தா படத்தைக் கோணல்மாணலாக வரைகிற நமக்கு அந்தப் பயம் தேவையில்லை.

மனவியல்காரர்களும் இதில் வெகுகாலம் வேறு மாதிரிதான் பேசினார்கள். துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுக்கிற வேலை என்று ஃபிராய்ட் 1917-இல் எழுதினார். 1920-இல் அவருடைய மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது வருஷம் கழித்து, மகனைப் பறிகொடுத்த பின்ஸ்வாங்கர் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பாமல் இருப்பதே சரி என்ற தொனியில் எழுதுகிறார். 1996-இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் என்ற மூவர் தொகுத்த நூலுக்குப் பிறகு, உறவு அறுவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது என்ற பார்வை பரவலாகிவிட்டது. திதி கொடுக்கிற குடும்பத்துக்கு இது புதுச் சேதி இல்லை.

நம் பக்கத்தில் நடுகல் இருந்தது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிப் போக வேண்டும், நீரில் இட வேண்டும், நட வேண்டும். ஆள் போன பிறகு கைக்கும் காலுக்கும் அவ்வளவு வேலை. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் உருவமே கிடையாது, தமிழ் பிராமியில் எழுத்து மட்டும்.

இப்போது கைக்கும் காலுக்கும் வேலையே இல்லை. 2021-இல் மைஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய புகைப்படங்களைக் கண் சிமிட்ட வைத்தது. கொள்ளுப்பாட்டிகள் உலகெங்கும் தலையாட்டினார்கள். இன்று கல்யாண மண்டபத் திரையில், இறந்துபோன அப்பா நடந்துவந்து பெண்ணுக்கு அட்சதை போடுகிறார். பெண் தேம்புகிறாள், கேமராக்காரர் அதை நெருக்கத்தில் பிடிக்கிறார், பின்னணியில் பாட்டு. எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எந்திரம் என்பதற்காக அல்ல. கட்டம் போட்ட பென்சிலும் ஒரு விதத்தில் எந்திர வேலைதான். என் குறை, அந்த அப்பாவின் மூக்கைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது. தெரியாத இடத்தையெல்லாம் அது தானே நிரப்பிக்கொள்கிறது, அழகாக, மேடு பள்ளம் இல்லாமல். கேட்டிருந்தால் இரண்டு சித்தப்பாக்கள் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டையில்தான் மனிதர் இருந்திருப்பார்.

ஆனால் குறைப் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், முகமே சரியாகப் பார்க்காத குழந்தைக்கு ஒரு முகம் கேட்டால், எந்த வழியில் கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்றுதான் சொல்வேன். அங்கே என் வாதத்தை மடித்து வைத்துவிடுகிறேன்.

திருமங்கலத்து ஓவியருக்கு இன்னொரு தொல்லை உண்டு. அட்வான்ஸ் கொடுத்து, தேடி வந்து உட்கார்ந்து, புருவத்தைக் கூட்டு, கன்னத்தைக் குறை என்று திருத்தம் சொல்லி, அழுது, டீ குடித்துவிட்டுப் போகிற சிலர், முடிந்த படத்தை வாங்க வருவதே இல்லையாம். போன் போட்டால், "வர்றோம்ணே, இப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார்களாம். கடை மூலையில் அப்படி ஓர் அடுக்கு சேர்ந்துவிட்டது. "அவங்களுக்கு வேல முடிஞ்சிருச்சு போல, எனக்குப் பாக்கி முடியலையே" என்று அலுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் மூக்கு வரைவதற்கு முன்னாலேயே முழுப் பணத்தையும் வாங்கிவிடுகிறார்.