பவளத்தீவும் நம்ம ஒரகடமும்



பவளத்தீவு பற்றிப் பாடம் நடத்தும்போது ஒரு கேள்வி கேட்பேன், நினைவிருக்கிறதா? "சுற்றிலும் உப்புக்கடல். ஆறு கிடையாது. அங்கே இருப்பவர்கள் குடிக்க என்ன செய்வார்கள்?" பாதிப் பேர் "இளநீர் டீச்சர்" என்பீர்கள். அதுவும் சரிதான், ஆனால் சோறு வடிக்க?

பதில், மழை. மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட லேசானது. அதனால் அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். நம் லட்சத்தீவில் கிணறு தோண்டினால் கிடைப்பது அந்தத் தண்ணீர்தான். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இழுத்தால் உப்பு மேலேறிவிடும். 2005-ல் கவரத்தித் தீவில், கடல்நீரிலிருந்து தினம் 1 லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் வந்தது. அமைத்தது யார் தெரியுமா? நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்! பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு குட்டி நாடு. 2011-ல் மழை பொய்த்தபோது, அதன் தலைநகரில் வீட்டுக்கு நாளைக்கு இரண்டே வாளி என்று அளந்து கொடுத்தார்கள்.

இப்போது எதற்கு இந்தப் பாடம் என்கிறீர்களா? போன வாரம் ஒரகடத்தில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஓர் அறையில் ஆறு பேர். குடிக்கக் கேன், குளிக்க லாரித் தண்ணீர்.

"லாரி எங்கேயிருந்துப்பா வருது?"

"தெரியலையே டீச்சர்."

ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். இத்தனை ஏரிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு இந்தப் பதில்! தீவில் இருப்பவர்களால் அப்படிச் சொல்லிவிட முடியாது.

கம்பெனிகளைத் திட்ட வரவில்லை. உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் அடுப்பு எரிவது அவற்றால்தான். நான் சொல்வது, அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மைப் பற்றி. 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. போட்டோம், ரசீதையும் பத்திரமாக வைத்தோம். அதற்கப்புறம் யார் திறந்து பார்த்தோம்? ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதீர்கள். நாலு வருஷமாக மூடியே கிடந்த என் வீட்டுக் குழியை ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் வைத்துத் தூர்வாரினேன். இரண்டு கூடை சேறு, ஒற்றைச் செருப்பு!

ஐப்பசி மழைக்குள் உங்கள் வீட்டுக் குழியையும் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். கடைசி பெஞ்சுக்காரர்களும்தான்.