மண்டபம் நிறைந்தது, அறிமுகம் நிகழ்ந்ததா?

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் நடத்தும் வர்த்தக மாநாடுகளுக்கு இன்று குறைவில்லை. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடை போர்த்தல் என்று முற்பகல் கழிந்து விடுகின்றது. எஞ்சுவது தேநீர் இடைவேளையும் மதிய உணவும் மட்டுமே. அப்பொழுதும் ஓர் ஊரார் ஒரு மேசையிலும், ஒரு பாடசாலையின் பழைய மாணவர் இன்னொரு மேசையிலுமாக அமர்ந்து விடுகின்றோம். கட்டணம் செலுத்தி வந்த புதியவர், விசிட்டிங் கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்கின்றார்.

இதனைத் தமிழருக்கே உரிய குறை என்று நொந்து கொள்ள வேண்டியதில்லை. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் இங்கிரம், மைக்கல் மொறிஸ் ஆகியோர் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ நூறு வணிகத் துறையினர் கூடிய ஒரு மாலை விருந்தில், யார் யாருடன் உரையாடினர் என்பதை மின்னணு அடையாள அட்டைகள் பதிவு செய்தன. புதியவர்களைச் சந்திப்பதே தமது நோக்கம் என்று முன்கூட்டியே கூறியிருந்தவர்கள், விருந்தில் தமக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்களையே அதிகம் நாடினர். ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது. அறிமுகத்திற்கு ஏற்பாடு வேண்டும்.

பெற்றோர் இதனைச் சிறிய விடயமாகக் கருதலாகாது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தொடர்புகள் வழியே வேலை பெற்றோரில் பெரும்பாலோருக்கு அச்செய்தி நெருங்கிய நண்பரிடமிருந்து வரவில்லை, எப்போதாவது சந்திக்கும் ஒருவரிடமிருந்தே வந்தது என்று காட்டினார். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரிந்த வேலைகள் வீட்டிலேயே பேசப்பட்டு விடுகின்றன. தெரியாத வேலை அடுத்த மேசையில் இருக்கின்றது.

அந்த மேசையை அணுகும் இளையோரிடம் எம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "ஊரில் எவ்விடம்?" என்பதே. கேட்பவர் அன்போடுதான் கேட்கின்றார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பிறந்தவருக்கு அது சோதனைச்சாவடி போன்றது. ஊரைச் சொன்னவுடன் அடுத்து எது எடைபோடப்படும் என்பதையும் சிலர் அறிவர். "என்ன தொழில் செய்கின்றீர்கள், இங்கே யாரைச் சந்திக்க விரும்புகின்றீர்கள்?" என்று கேட்டால் பேச்சு வளரும்.

மாநாட்டுக் குழுவினர் பத்துப் பேரையாவது அறிமுகம் செய்து வைப்பதற்கென்றே நியமிக்க வேண்டும். மேடையில் அமர்வோரை விட இவர்களே முக்கியமானவர்கள். பதிவின்போதே ஒவ்வொருவரிடமும் அவருடைய தேவை என்ன, பிறருக்கு அவரால் எதில் உதவ இயலும் என்று கேட்டு வைத்திருந்தால், உணவகம் தொடங்க இருப்பவரைக் கணக்காளரிடமும் கட்டடப் பொறியியல் மாணவியை ஒப்பந்தகாரரிடமும் இவர்கள் நேரே அழைத்துச் செல்லலாம். கழுத்து அட்டையில் பெயரும் தொழிலும் எட்டடி தூரத்தில் நின்று வாசிக்கத்தக்க அளவில், தமிழிலும் அந்நாட்டு மொழியிலும் இருத்தல் நன்று. வாழ்த்துரைகள் அனைத்தும் அரைமணி நேரத்துள் முடிய வேண்டும் என்றால் சிலர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும்.

பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மதிய உணவின்போது அவர்களைத் தங்கள் அருகில் அமர்த்திக் கொள்ளாதீர்கள்.