கிளாப்டன் கற்றது மூன்று கார்டுகளை மட்டுமா?

ஆங்கிலேய கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்கு ப்ளூஸ் கொடுத்தது மூன்று கார்டுகளும் (சுரக்கூட்டுகளும்) பன்னிரண்டு பார் சட்டகமும்தான், மற்றதெல்லாம் லண்டனில் அவரே உண்டாக்கியது என்கிறார் அவரைப் பற்றிய ஒரு கட்டுரையின் ஆசிரியர். ப்ளூஸ் இசைத்தட்டு ஒன்றையாவது காது கொடுத்துக் கேட்டவர் இப்படி எழுத மாட்டார்.

பன்னிரண்டு பார் கணக்கே எல்லோருக்கும் பொருந்தாது. ஜான் லீ ஹூக்கர் பல பாட்டுகளை ஒரே கார்டில் ஓட்டிவிடுவார். ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் பதிவுசெய்த 'கிராஸ் ரோடு ப்ளூஸ்' பாடுபவரின் மூச்சுக்கேற்ப நீண்டும் குறுகியும் போகிறது. 1968இல் கிளாப்டனின் கிரீம் குழு அதைக் கறாரான அளவுக்குள் வைத்து வாசித்தது. பாடிக்கொண்டே, ஒரே கிதாரில், கீழ்ச்சுரங்களையும் தாளத்தையும் மேல்சுரங்களையும் ஜான்சன் சேர்த்து வாசித்ததை அங்கே மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். கிளாப்டனின் வாசிப்பு அபாரம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. எதன்மேல் நின்று வாசித்தார் என்பதே கேள்வி.

கிளாப்டன் கிதாரின் உறுமும் ஒலி மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் கொடை என்கிறார் கட்டுரையாளர். 1951இல் ஹவ்லின் வுல்ஃப் மெம்ஃபிஸில் பதிவுசெய்தபோதே அவருக்கு வாசித்த வில்லி ஜான்சனின் கிதார் கரகரத்து உறுமியது. அப்போது கிளாப்டனுக்கு ஆறு வயது. கிப்சன் லெஸ் பால் கிதாரை அவர் தேடிப்போனதும் ஃப்ரெடி கிங்கின் இசைத்தட்டு உறையில் அதைப் பார்த்த பிறகுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கடன் விரல்களில் இருக்கிறது. மைனர் மூன்றாம் சுரத்துக்கும் மேஜர் மூன்றாம் சுரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத இடத்துக்குத் தந்தியை இழுத்து நிறுத்துவது, நிறுத்திய சுரத்தை பி.பி. கிங் போல அதிரவைப்பது, பாடிய வரிக்குக் கிதாரால் பதில் சொல்வது, சொல்லும் முன் காத்திருப்பது. இவற்றை நீக்கிவிட்டால் கிளாப்டனை எதை வைத்து அடையாளம் காண்பீர்கள்? 1967இல் வந்த கிரீமின் 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ' பாட்டின் கிதார் வாசிப்பை ஆல்பர்ட் கிங்கின் 'கிராஸ்கட் சா'வோடு சேர்த்துக் கேளுங்கள். யாருடைய பிடிகள் அவை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாரும் அறியாத கலைஞர்களை கிளாப்டன் கைதூக்கிவிட்டார் என்ற வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பி.பி. கிங்கின் பாட்டு 1952இலேயே அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மடி வாட்டர்ஸ் 1958இலேயே இங்கிலாந்து மேடைகளில் பாடினார். கறுப்பின மக்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கி, ஆடிக் கொண்டாடிய கலைஞர்கள் இவர்கள். அந்த மக்களை ரசிகர்களாகவே மதிக்காதவரால்தான் அப்படி எழுத முடியும். கட்டுரையாளர் அந்த வரியைத் திரும்பப் பெற வேண்டும்.