ஆடுகளமும் ஓர் அமானிதமே

சிறுவர் விளையாட்டிற்குச் சட்ட திட்டங்கள் எதற்கு என்று கேட்போர் உளர். பந்தும் மட்டையும் திடலும் இருந்தால் போதாதா என்பது அவர்தம் வினா. விதிகள் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதற்காக எழுந்தவை என்னும் எண்ணமே இவ்வினாவிற்கு அடிப்படை. உண்மை இதற்கு மாறானது. சிறுவர் விளையாட்டின் நல்ல விதிகளுள் பெரும்பாலானவை பெரியவர்களின் ஆசைக்கு அணைபோடப் பிறந்தவை. அமெரிக்க நாட்டுச் சிறுவர் பேஸ்பால் அமைப்பாகிய 'லிட்டில் லீக்'கின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1939ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே அணிகளைக் கொண்டு இவ்வமைப்பைத் தொடங்கினார். பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை அடித்தவர் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்திற்கு ஓடுதல் வேண்டும். பெரியவர் ஆடும் திடலில் தளங்களுக்கிடையே 90 அடித் தொலைவு உண்டு. ஸ்டாட்ஸ் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்து அதனை 60 அடியாகக் குறைத்தார். பெரியவர் திடலுக்குப் பிள்ளைகளை இழுக்காமல், பிள்ளைகளின் காலடிக்கேற்பத் திடலை அளந்தார். பின்வந்த நல்ல விதிகள் பலவற்றிற்கும் இவ்வுள்ளமே வித்து.

சான்றாக, பந்தெறியும் சிறுவனுக்குரிய வரம்பைக் காண்போம். 2007ஆம் ஆண்டு முதல், வீசும் பந்துகளை எண்ணி அவ்வரம்பு வகுக்கப்படுகிறது. 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசலாகாது. 66 அல்லது அதற்கு மேல் வீசியவன் நான்கு நாட்கள் ஓய்ந்திருக்க வேண்டும். வெற்றி வேட்கை கொண்ட பயிற்சியாளர், 'இன்னும் பத்துப் பந்து' என்று கேட்கும்போது மறுத்துப் பேசப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாய் ஏது? அவனுக்காக விதி பேசுகிறது. அவ்வாறே, உள்ளூர்ப் பருவ ஆட்டங்களில் வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எதிரணியினர் அறுவர் ஆட்டமிழக்கும் வரையேனும் களத்தில் நிற்க வேண்டும். ஒரு முறையேனும் மட்டை பிடிக்க வேண்டும். திறன் குன்றிய பிள்ளை ஓரத்தில் அமர்ந்தே மாலைப்பொழுதைக் கழிக்கும் அவலத்தை இவ்விதி தடுக்கிறது.

ஆட்சி முறையிலும் இதே நோக்கம் விளங்குகிறது. ஒவ்வொரு பகுதிக் கழகத்தையும் தன்னார்வ உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் நிருவாகக் குழு நடத்துகிறது. அக்குழுவில் அணிப் பொறுப்பாளர்களும் பயிற்சியாளர்களும் இடம்பெறலாம். ஆயின் பெரும்பான்மையினராக இருத்தல் கூடாது. தம் அணி வெல்ல விழைவோரே நடுவராகவும் அமர்ந்தால் நீதி தள்ளாடும் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது.

விதி இருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடுமா? 1955ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரின் கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. அணி இவ்வினாவை எழுப்பிற்று. அவ்வணியினர் கறுப்பினச் சிறுவர். அவர்களோடு ஆட மனமின்றி அம்மாநில வெள்ளையர் அணிகள் போட்டியிலிருந்து விலகின. வெள்ளையர் மட்டும் ஆடும் போட்டிக்கு இசைவளிக்கத் தலைமையகம் மறுத்தது, அது பாராட்டிற்குரியது. ஆனால், களத்தில் ஆடி வென்ற அணியே மேற்செல்லலாம் என்னும் விதியைக் காட்டி, எதிரியின்றி வென்ற அச்சிறுவர்களையும் தடுத்தது. விருந்தினராக வில்லியம்ஸ்போர்ட்டிற்கு அழைக்கப்பட்ட அவர்கள், பிறர் ஆடுவதைப் பார்த்துத் திரும்பினர். அவர்களை ஆடவிடுமாறு பார்வையாளர் முழங்கியும் பயனில்லை. ஓடி ஒளிந்தவர் பெரியவர். தண்டனை பெற்றவர் பிள்ளைகள். எழுத்தைக் காத்து நோக்கத்தைக் கைவிட்ட நிகழ்ச்சி இது.

தவறான விதியைத் திருத்தவும் இயலும் என்பதற்குப் பெண் குழந்தைகளின் வரலாறு சான்று. 1972ஆம் ஆண்டு நியூ செர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்னும் சிறுமி சில ஆட்டங்கள் ஆடிய பின் விலக்கப்பட்டாள். வழக்கு எழுந்தது. அதன் விளைவாக 1974ஆம் ஆண்டிலேயே சிறுமியர்க்குக் கதவு திறந்தது.

இனி, வஞ்சகத்தின் பக்கத்தையும் நோக்குவோம். 2001ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அணியில் பந்தெறிந்து புகழ்பெற்ற சிறுவனுக்கு உண்மையில் 14 வயது என்பதும், அவனுடைய பிறப்புச் சான்று பொய்யானது என்பதும் வெளிப்பட, அவ்வணியின் வெற்றிகள் பறிக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு அமெரிக்கப் பட்டம் வென்ற சிகாகோ நகரத்து அணி, எல்லைக்கு அப்பாற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தமைக்காக 2015 பிப்ரவரியில் பட்டத்தை இழந்தது. பட்டத்தைப் பறித்தது சரியே என்பேன். நேர்மையாக ஆடித் தோற்ற பிள்ளைகளுக்கும் உரிமை உண்டன்றோ! பொறுப்பாளர்களும் தண்டிக்கப்பட்டனர். எனினும், ஊரே கொண்டாடிய வெற்றி ஆறு திங்களுக்குப் பின் பொய்யாயிற்று என்று கேட்ட பிள்ளையின் உள்ளத்திற்கு அத்தண்டனைகள் எவ்வாறு மருந்தாகும்? முதற்பந்து வீசப்படும் முன்னரே சான்றுகளைச் செவ்வையாகச் சரிபார்ப்பதே அறம். கோப்பை வழங்கிய பின் செய்யும் ஆய்வு காலங்கடந்த கடமை.

இஸ்லாமிய மரபில் 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. நம்பி ஒப்படைத்ததைக் குறைவின்றிக் காத்துத் திருப்பித் தரும் கடமையை அது குறிக்கும். பொன்னையும் பொருளையும் மட்டும் குறிப்பதன்று அச்சொல். ஏற்ற பொறுப்பு அனைத்தும் அமானிதமே. மாலையில் ஒரு தாய் தன் மகனைத் திடலில் விட்டுச் செல்கிறாள். அவனுடைய தோளையும் நேர்மையையும் கெடாது காத்துத் திருப்பித் தருவது அங்குள்ள பெரியவர்களின் கடன். வில்லியம்ஸ்போர்ட்டிற்குப் பொருந்தும் இவ்வுண்மை, எந்த ஊர் விளையாட்டுக் கழகத்திற்கும் பொருந்தும். சிறுவர்க்கு விதி எழுத அமர்வோர் ஒவ்வொரு விதியின் எதிரிலும் ஒரு வினாவை எழுதிக்கொள்க: இது மீறப்படும்போது இழப்பவர் யார்? பிள்ளையே என்று விடை வருமாயின், பேனாவை மீண்டும் எடுத்துத் திருத்துக.