ஆஸ்பத்திரி பில்லை மாத்தச் சொல்றாங்களா? வேலையை விடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



கம்பம் பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்க இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல வேலை பார்க்கிற ஒருத்தர் கேட்ட கேள்வி: "சார், ரெண்டு நாள் இருந்த பேஷன்ட்டை அஞ்சு நாள்னு போடச் சொல்றாங்க. சம்பளம் 15,000. வீடு ஓடுறதே அதுலதான். என்ன பண்றது?"

இதுக்கு ஊர்ல ரெண்டு பதில் கிடைக்கும். ஒண்ணு, "கண்டுக்காத, சம்பளம் வருதுல்ல?" இன்னொண்ணு, "உடனே போட்டு உடைச்சிரு." ரெண்டுமே தப்புங்கிறது என் கருத்து.

முதல்ல, இது மோசடிதானா?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பெரும்பாலான சிகிச்சைக்கு பேக்கேஜ் ரேட் உண்டு. மருந்து, ரூம் எல்லாம் சேர்ந்து ஒரே தொகை. அதனால உண்மையான செலவு குறைவா இருந்து க்ளெய்ம் அதிகமா இருந்தா, அது மட்டும் மோசடி ஆகாது.

ஆனா கேஸ் ஷீட்ல ஒரு டிஸ்சார்ஜ் தேதி, போர்ட்டல்ல வேற தேதி. வார்டுல இருந்தவருக்கு ஐசியூ சார்ஜ். வைக்காத ஸ்டென்ட்டுக்கு பில். இதெல்லாம் பேக்கேஜ் கணக்குல அடங்காது. அளவுகோல் ஒண்ணுதான்: நடந்தது ஒண்ணு, எழுதினது ஒண்ணா?

நஷ்டம் யாருக்கு?

"இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம்தானே, நமக்கு என்ன?" என்பாங்க. விடிகாலை ஜீப் ஏறி கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போற ஒரு குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. அவங்க கார்டுல மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 5 லட்சம்தான். பொய் பில் எழுதினா அந்த 5 லட்சத்துல இருந்துதான் கழியும். அதே வருஷம் வீட்ல ஒருத்தருக்கு நிஜமாவே ஹார்ட் ஆபரேஷன் வந்தா?

தனியார் பாலிசின்னாலும் ஆபத்து உண்டு. இல்லாத நோயை ரெக்கார்டுல எழுதிட்டா, பின்னாடி ஒரு க்ளெய்ம் வரும்போது "இதை ஏன் மறைச்சீங்க?"ன்னு கம்பெனி கேட்கலாம்.

போடி ஏலத்துல காயோட தரத்தை வியாபாரி கையில எடுத்துப் பார்த்துட்டுத்தான் விலை கேட்பார். பேஷன்ட்டுக்கு அந்த வசதி இல்ல. பில்லுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிற ஒரே ஆள், பல நேரம் நீங்கதான்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 344, பொய்க்கணக்கு எழுதுறதைப் பத்தினது. அது முதல்லயே பெயர் சொல்றது கிளார்க், அதிகாரி, ஊழியர் இவங்களைத்தான். ஏமாத்துற நோக்கத்தோட கணக்கையோ எலக்ட்ரானிக் ரெக்கார்டையோ மாத்தினா 7 வருஷம் வரை தண்டனை. "மேனேஜர் சொன்னார்"ங்கிறது உங்களைக் காப்பாத்தும்னு நம்பி உட்காராதீங்க.

2023 ஆகஸ்ட்ல வந்த சிஏஜி அறிக்கையைப் பாருங்க. ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல, ஏற்கெனவே இறந்துட்டதா பதிவான 3,446 பேரோட சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய் கொடுத்திருக்காங்க. தமிழ்நாட்டுல வெறும் 7 ஆதார் எண்ல 4,761 பதிவுகள். இதுல டேட்டா தவறு எவ்வளவு, மோசடி எவ்வளவுங்கிறது வேற விஷயம். ஆனா ஆடிட் வரும்போது முதல் கேள்வி, "இந்த என்ட்ரியைப் போட்ட லாகின் யாரோடது?"

அப்போ உடனே போட்டு உடைக்கலாமா?

அமெரிக்காவுல வைட்ஃபிஷ்னு ஒரு சின்ன ஊர். அங்க ஆஸ்பத்திரி நிதி அதிகாரியா இருந்த ஜேம்ஸ் ஆல்டர்சனை, அரசுக்கு ஒரு கணக்கு, உள்ளுக்கு ஒரு கணக்குன்னு எழுதச் சொன்னாங்க. மறுத்தார். 1990ல வேலை போச்சு. 1993ல வழக்கு போட்டார். அதுவும் மத்த வழக்குகளும் சேர்ந்து, 2003க்குள்ள எச்சிஏ நிறுவனம் கட்டினது சுமார் 170 கோடி டாலர். அந்த ஊர் சட்டப்படி, மீட்ட பணத்துல 15 முதல் 30 சதவீதம் வரை தகவல் சொன்னவருக்கு உண்டு. அப்படியிருந்தும் பத்து வருஷத்துக்கு மேல இழுத்தது.

நம்ம ஊர்ல அந்தப் பங்கு கிடையாது. தகவல் சொல்பவர் பாதுகாப்புச் சட்டம் 2014லேயே நிறைவேறிச்சு, ஆனா இன்னும் அமலுக்கு வரல. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் செய்ற முறைகேட்டைப் பத்தினது. கம்பெனி சட்டத்துல வர்ற புகார் ஏற்பாடும் லிஸ்டட் கம்பெனி, பொதுமக்கள்கிட்ட டெபாசிட் வாங்குற கம்பெனி, 50 கோடிக்கு மேல பேங்க் கடன் வாங்கின கம்பெனி இவங்களுக்குத்தான் கட்டாயம். சின்ன நர்சிங் ஹோமுக்கு அது பொருந்தாது. அதோட ஊர் சின்னது. உங்க அக்காவுக்குப் பிரசவம் பார்த்ததே அந்த டாக்டராத்தான் இருப்பார்.

நான் சொல்ற வரிசை

1. பொய்யான என்ட்ரியை உங்க லாகின்ல போடாதீங்க. பாஸ்வேர்டையும் யாருக்கும் கொடுக்காதீங்க.

2. சண்டை வேண்டாம், எழுத்துல கேளுங்க. "கேஸ் ஷீட்ல 3ஆம் தேதி, போர்ட்டல்ல 6ஆம் தேதி இருக்கு. எது சரின்னு மெயில்ல உறுதி பண்ணுங்க சார்." பாதி இடத்துல இந்த ஒரு மெயில்லயே விஷயம் நின்னுடும்.

3. தேதி போட்டுக் குறிப்பு வெச்சுக்கோங்க. பேஷன்ட் ஃபைலை வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. அப்புறம் குற்றவாளி நீங்களாகிடுவீங்க.

4. ஒரிஜினல் சர்டிஃபிகேட் அவங்ககிட்ட இருந்தா முதல்ல வாங்குங்க. பிஎஃப் பத்திப் பயம் வேண்டாம், அது உங்க பணம். கடைசி பங்களிப்பு வந்து ரெண்டு மாசம் கழிச்சு, வேலையை விட்ட தேதியை நீங்களே ஆன்லைன்ல பதியலாம்.

5. அப்புறம் புகார். ஆயுஷ்மான் பாரத்துக்கு 14555, முதலமைச்சர் காப்பீட்டுக்கு 1800 425 3993. தனியார் பாலிசின்னா அந்தந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே எழுதுங்க.

புகார்ல கோபம் வேண்டாம், சரிபார்க்கக்கூடிய ஒரு விவரம் போதும். 2019 செப்டம்பர்ல க.விலக்கு தேனி மருத்துவக் கல்லூரியில வெடிச்ச நீட் ஆள்மாறாட்ட விவகாரம் ஞாபகம் இருக்கா? ஹால் டிக்கெட் போட்டோவும் படிக்கிற மாணவரும் ஒத்துப்போகலன்னு டீனுக்கு வந்த இமெயில்ல இருந்துதான் அது தொடங்குச்சு. கடைசியில சிபிசிஐடி வரைக்கும் போச்சு.

நேர்மைக்கும் ஒரு ஃபண்ட் வேணும்

"முடியாது சார்"னு சொல்ல மனசு மட்டும் பத்தாது, பேங்க்ல பணமும் இருக்கணும். மாசச் செலவு 12,000ன்னா மூணு மாசத்துக்கு 36,000. மாசம் 3,000 ஆர்டி போட்டா ஒரு வருஷத்துல வந்துடும். எமர்ஜென்சி ஃபண்ட்னா வேலை போனா சாப்பிடுறதுக்குன்னு மட்டும் நினைக்காதீங்க. தப்பான வேலையை மறுக்கிற தைரியத்தையும் அதுதான் கொடுக்கும்.

அந்தப் பணம் சேர்ற வரைக்கும் புகாரைத் தள்ளிப்போடுறதை நான் கோழைத்தனம்னு சொல்லமாட்டேன். ஆனா முதல் மூணு படிக்கும் ஒரு ரூபாய்கூட செலவு இல்ல. அதை நாளைக்குக் காலையில டூட்டிக்குப் போனதுமே ஆரம்பிக்கலாம்.