அக்கா சைக்கிள்

அன்பு குட்டீஸ்,

புதுப் புத்தகங்களுக்கு எல்லாம் அட்டை போட்டாயிற்றா?

போன வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்துவிட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டரை கிலோ மீட்டர். தினமும் நடை. கூடப் படிக்கும் இரண்டு பேர் இந்த வருஷம் கியர் வைத்த, தடித்த டயர் போட்ட சைக்கிளில் வருகிறார்களாம். இவனும் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். "அதான் அக்கா சைக்கிள் சும்மா கிடக்குதே, அதை எடுத்துட்டுப் போடா" என்று சொல்லிவிட்டாராம் அப்பா.

அதற்கு மேல் தம்பியின் வார்த்தைகளிலேயே கேளுங்கள்: "அது லேடீஸ் சைக்கிள். அதுவும் ஸ்கூல்ல கொடுத்த ஃப்ரீ சைக்கிள். அதுல போனா பசங்க சிரிப்பாங்க. கியர் சைக்கிள்தான் நல்லதுன்னு நீங்க பேப்பர்ல எழுதுங்க. அப்பா பேப்பர்ல வந்தா நம்புவார்."

எழுதுகிறேன் தம்பி. ஆனால், நீ கேட்டபடி எழுத முடியாது போலிருக்கிறதே!

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார் என்று. கடலோரப் பிள்ளைகளுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் படகுக்காரர்கள் வீட்டில் வரும்படி இருக்காது. அரசு தரும் நிவாரணத்தை வைத்து ஓட்ட வேண்டும். அந்தக் கஷ்டம் முடிகிற ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. நோட்டு, சீருடை, செருப்பு, கூடவே கல்லூரியில் படிக்கும் அக்காவுக்குக் கட்டணம். இந்த நேரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் போட்டு ஒரு கியர் சைக்கிள் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

சரி, பணப் பேச்சை விட்டுவிடுவோம். அப்பாவிடம் பணம் நிறைய இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த இரண்டரை கிலோ மீட்டருக்கு எந்த சைக்கிள் நல்லது?

ஒரு கணக்குப் போடலாமா? பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல் சக்கரத்தில் 44 பல்லும், பின்னால் இருக்கும் சின்னதில் 18 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (உங்கள் சைக்கிளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.) பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று உருளும். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மீட்டர் போகும். ஆக, ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர். இரண்டரை கிலோ மீட்டருக்கு ஐந்நூறு மிதி! நடந்தால் அரை மணி நேரம். சைக்கிளில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

கியர் என்ன செய்யும்? மேட்டில் ஏறும்போது பல் சக்கரத்தை மாற்றி, அதிகச் சுற்று மிதித்தாலும் குறைந்த பலத்தில் ஏற உதவும். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால், மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரச் சாலைகளில் மேடு எங்கே இருக்கிறது? கொஞ்சம் உள்ளே போனால் திருக்கழுக்குன்றம் மலை. அதற்கும் படி ஏறித்தான் போக வேண்டும். எந்த கியரும் உதவாது! சமதரையில் கியர் சைக்கிள் வைத்திருப்பவரைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கியரில்தான் போய்க்கொண்டிருப்பார். தடித்த டயர் மணலுக்கு நல்லது. தார்ச்சாலையில் அது வெறும் கனம். மிதிக்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உண்டு. உப்புக் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கியர் சைக்கிளில் அடுக்கடுக்கான பல் சக்கரங்கள், செயினைத் தள்ளிவிடும் சின்னக் கருவி, அதை இழுக்கும் கம்பி எல்லாம் திறந்தவெளியில் இருக்கும். உப்பும் மணலும் நேராக அதில் போய் உட்காரும். அது பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். சாதாரண சைக்கிள் என்றால் தெருமுனைக் கடைக்காரரே பஞ்சர் ஒட்டிக்கொண்டே சரிசெய்து விடுவார்.

இப்போது அக்கா சைக்கிளைப் பார். செயினை மூடி கவர் இருக்கும். சேறு தெறிக்காமல் மட்கார்டு, முன்னால் கூடை, பின்னால் கேரியர், நிறுத்த ஸ்டாண்டு. வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க, கடைக்குப் போக, மீன் கூடையை ஏற்றி வர... இதையெல்லாம் யோசித்துச் செய்த வண்டி அது. தடித்த டயர் சைக்கிள் பலவற்றில் கேரியரே கிடையாது. புத்தகப் பையை முதுகில்தான் சுமக்க வேண்டும்.

அதிருக்கட்டும். தம்பியின் உண்மையான பிரச்னை கியர் இல்லை என்பது எனக்குத் தெரியும். "லேடீஸ் சைக்கிள்" என்ற அந்த இரண்டு வார்த்தைதான்.

அந்தச் சைக்கிளுக்கு நடுவில் குறுக்குக் கம்பி ஏன் இல்லை? நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் வடிவத்தை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் கொண்டுவந்தார். அந்த நாளில் அங்கே பெண்கள் தரையைத் தொடும் நீளப் பாவாடை அணிந்தார்கள். காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாதே! அதனால் கம்பியைத் தாழ்வாக வைத்த சைக்கிள்கள் வந்தன. காரணம் உடைதான். குறுக்குக் கம்பி வைத்தால் சட்டம் உறுதியாக இருக்கும், மூட்டை ஏற்றலாம் என்பது உண்மை. பால்காரருக்கு அது வேண்டும். புத்தகப் பையோடு போகிறவனுக்குத் தாழ்வான கம்பிதான் வசதி. டக்கென்று நிறுத்தி, காலை ஊன்றி இறங்கிவிடலாம்.

நெதர்லாந்து என்று ஒரு நாடு. அங்கே மனிதர்களை விட சைக்கிள்கள் அதிகம்! அந்த நாடும் கடலோரம்தான், தரையும் தட்டையாகத்தான் இருக்கும், காற்றும் பலமாக வீசும். அங்கே கியர் இல்லாத, குறுக்குக் கம்பி இல்லாத ஒரு வகை சைக்கிளுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "பாட்டி சைக்கிள்"! ஆறடி உயரக் கல்லூரி மாணவர்கள் பாட்டி சைக்கிளில் ஜம்மென்று போகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரம் ஆயிரமாக சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். கல் உடைப்பவர், வயல் வேலை செய்பவர், ஆசிரியை, செவிலியர் என்று எல்லோரும். அப்போது லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டார்கள். கேலி பேசாமல் இருந்திருப்பார்களா? பேசினார்கள்தான். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்து ஊர்வலம் போனபோது ஊரே வாய் பிளந்து பார்த்தது. அந்த அம்மாக்கள் ஆண்கள் சைக்கிள் ஓட்டலாம் என்றால், நீ அக்கா சைக்கிள் ஓட்டக் கூடாதா?

"ஃப்ரீ சைக்கிள்" என்று குறைவாகச் சொல்லாதே. பள்ளிக்கூடம் தூரம் என்பதாலேயே படிப்பை நிறுத்திய அக்காக்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் 2001-இல் தமிழக அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும். மக்கள் வரிப் பணத்தில் வந்தது அது. சோப்பு வாங்கும்போது உன் அப்பா கொடுத்த வரியும் அதில் இருக்கிறது. அந்த சைக்கிளில்தான் உன் அக்கா பிளஸ் டூ முடித்தார். சில வீடுகளில் இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனி. உயரம் பொருந்த வேண்டும். நான் சைக்கிள் கற்றது பெரியப்பாவின் பெரிய வண்டியில். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டேன். அதன் நினைவாக வலது முழங்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது! அக்கா சைக்கிளில் சீட்டை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி உட்கார்ந்து பார். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். எட்டவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம், ஆறு மாதம் பொறு. இந்த வயதில் கிடுகிடுவென்று வளர்வாய்.

பிறகு அப்பாவோடு கடைக்குத் தள்ளிக்கொண்டு போ. ரொம்ப நாள் கிடந்த வண்டி அல்லவா? டயரில் வெடிப்பு இருக்கும், பிரேக் கட்டை காய்ந்திருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் கோணலா என்று தெரியும். முன் ஃபோர்க்கைத் துரு அரித்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகக் கேள். அது முறிந்தால் ஆபத்து. பால்ரஸ் போட்டு, கிரீஸ் வைத்து ஓவராயில் பண்ணித் தரச் சொல். இரண்டு டயர், டியூப் மாற்றினாலும் புது சைக்கிள் விலையில் கால் பங்கு ஆகாது. வீட்டில் பழைய சைக்கிள் இல்லாதவர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதும் இதையெல்லாம் பாருங்கள். புதிதாகவே வாங்குவதென்றால் கியர் இல்லாத சாதாரண வண்டி போதும்.

கடற்கரை ஈர மணலில் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவும் திட்டுவார்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் எவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே போகும் வழி இருந்தால் கொஞ்சம் சுற்றானாலும் அதில் போங்கள். அந்தச் சாலையைக் கடக்கும்போது இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துத் தள்ளிக்கொண்டு போங்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

தம்பி, இந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டாமல் ஒளித்து வைத்தாலும் வைப்பாய்! பரவாயில்லை. அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடு. அது அவருடைய சைக்கிள். முதல் நாள் ஓட்டிப் போனதும் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, பெல் இன்னும் அடிக்கிறதா என்று எழுது. யாராவது சிரித்தாலும் எழுது. அவர்களுக்கும் ஒரு கடிதம் போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்