'தும்தும்' ஓசையை நம்பி ஹெட்போன் வாங்காதீங்க!

கள்ளக்குறிச்சி, கடைவீதியில் ஆயிரம் ரூபாய்க்குள் ஹெட்போன் கேட்டால், முதலில் காட்டுவது 'தும்தும்' ஓசையைத்தான். "சும்மா அதிரும் சார்!" என்கிறார்கள். அதிரட்டும். அதுவா முக்கியம்?

வெள்ளிமலை பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் என்ஜின் அலறும். காது மடலைச் சுற்றி மெத்தை சரியாக மூடவில்லையா, இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். வாலிபர் என்ன செய்வார்? வால்யூமைக் கூட்டுவார். அங்கேதான் ஆபத்து!

80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 ஆனால் வெறும் 4 மணி நேரம்! உள்காதின் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

ஆகவே கடையிலேயே மாட்டிப் பாருங்க. பாட்டு வேண்டாம், செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்க. வால்யூம் பாதிதான். கடைவீதி இரைச்சலிலும் சொல் சொல்லாகப் புரிகிறதா? அப்படியானால் எடுக்கலாம். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் அதோடு மாட்டணும். காம்பு ஓரம் சந்து விழும். மெத்தையைத் தனியாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்க. வியர்வையில் முதலில் உரிவது அதுதான்.

ஒன்று. நன்றாக மூடுகிற ஹெட்போனில் பஸ் ஹாரனும் கேட்காது. ரோட்டைக் கடக்கும்போது கழற்றிக் கழுத்தில் போட்டுக்குங்க. விபத்துச் செய்தி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்குது.